எந்த மாவட்டத்துக்காரர் வேண்டாம்?

மணிமேகலையின் தம்பி சிவராஜ் மானாமதுரைக்காரன் ஆகப் போகிறான் என்ற செய்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் எல்லோரும் களியில் கொள்ளுச் சாறு ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் வெடித்தது.

அவன் பிறந்தது ஓசூர் பக்கம், கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே. வளர்ந்ததும் அங்கேதான். முட்டைக்கோசு வயலின் வரப்பில் ஏறி நின்றால் தொழிற்சாலைகளின் நீலக் கூரைகள் வரிசையாகத் தெரியும். ஷிப்டு முடிகிற சங்கு ஊதினால்தான் அப்பா பெருமாள் மோட்டாரை நிறுத்துவார். அவ்வளவு பக்கம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்து இரண்டு வருஷம் ஆகியும் அந்தக் கூரைகளில் ஒன்றின் கீழேகூட சிவராஜ் நின்றதில்லை. கேட்டில் வாட்ச்மேன் "எந்த ஊரு?" என்பான். இவன் ஊரைச் சொல்வான். கதை அதோடு முடிந்துவிடும்.

"மாரிமுத்து இருக்கானில்லக்கா, ஹாஸ்டல்ல தங்கி வேலைக்குப் போறானே, அவங்க அப்பா வீட்டு அட்ரஸுக்கு என் ஆதாரை மாத்திக்கிறேன். புதன்கிழமை மத்தியானம் டோக்கன் போட்டாச்சு" என்றான்.

"அவங்கப்பா உனக்கு என்னடா வேணும்?"

"சித்தப்பான்னு எழுதிக்கலாமாம்."

பெருமாள் களி உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "மானாமதுரையில எனக்கு ஏதுடா தம்பி?" என்று கேட்டார். அவர் கேட்டது சண்டைக்கு அல்ல. நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

"பேச்சைக் கூடப் பழகிட்டேன்ப்பா. வந்தாய்ங்க, போனாய்ங்க, சாப்ட்டாய்ங்க..."

அம்மா சரோஜம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணிமேகலைக்கு வந்தது எரிச்சல். "இங்க பொறந்தவன் இங்க வேலை பாக்கணும்னா எவனோ ஒருத்தனுக்குப் புள்ளையா மாறணுமா? வெக்கமா இல்லையாடா உனக்கு?" என்று கத்தினாள்.

"எனக்கு ஏன்க்கா வெக்கம்? உங்க ஆபீஸு கம்ப்யூட்டருக்குத்தான் வெக்கம் இல்ல" என்றான் அவன்.

அவன் சொன்னதில் பொய் இல்லை.

*

பாகலூர் ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். தொழிற்சாலைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்சி. முதலாளி கமலக்கண்ணன் தென்மாவட்டத்துக்காரர். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு டிராவல் பேக்கோடு ஓசூரில் வந்து இறங்கியவர். உழைப்பாளி, அதை மறுக்க முடியாது. ஆனால் வாய் நிறைய இனிப்பாகப் பேசிக்கொண்டே காரியத்தை வேறு பக்கமாக முடிக்கிற மனுஷன். மணிமேகலை அங்கே கம்ப்யூட்டர் ஆபரேட்டர். முதலாளிக்கு அவள்மேல் ஒரே குறை, அவர் கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்ல மாட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லுவாள்.

வேலை கேட்டு வருகிறவர்களின் பெயர், வயது, படிப்பு, ஊர், மாவட்டம் எல்லாம் ஆக்சஸ் என்கிற மென்பொருளில் பதிந்திருந்தது. கம்பெனிக்காரர் வந்து "இருபத்தஞ்சு வயசுக்குள்ள, ஃபிட்டர், ஆம்பளை" என்று சொன்னால், அதற்கென்று எழுதி வைத்த க்வெரி என்கிற தேடலை அவள் திறப்பாள். வயதை மாற்றுவாள், படிப்பை மாற்றுவாள், மூடி ஓட்டுவாள். பொருந்துகிறவர்களின் பெயர்கள் மட்டும் வடிகட்டி வரும். அடுத்தவர் முப்பது என்றால் திரும்பவும் உள்ளே போய்த் திரும்பவும் மாற்ற வேண்டும்.

எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் யாரும் தொடுவதில்லை. க்வெரியின் கடைசியில், மாவட்டம் என்ற கட்டத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி. கிருஷ்ணகிரியைத் தவிர மற்றவர்கள். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஓசூரும் கெலவரப்பள்ளியும் கிருஷ்ணகிரி மாவட்டம். இவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த வினிதா எழுதிவிட்டுப் போனது. அவளும் முதலாளி சொல்லித்தான் எழுதினாள்.

காரணம் கேட்டால் கமலக்கண்ணன் ஒப்பிப்பார். "உள்ளூர்க்காரனை எடுத்தா மாமன் செத்துட்டான்பான், மாரியம்மன் பண்டிகைம்பான், லீவு போட்ருவான். வெளியூர்க்காரன் ஹாஸ்டல்ல கெடப்பான், கூப்பிட்டா ஓ.டி.க்கு வருவான். ஒரு பிரச்சனைன்னா கேட் முன்னால அவனுக்கு நாலு சொந்தக்காரன் வந்து நிக்க மாட்டான். கம்பெனிக்காரய்ங்க அதைத்தாம்மா கேக்குறாய்ங்க." அப்படியானால் உள்ளூர்க்காரர்களை எதற்குப் பதிந்து வைக்கிறீர்கள் என்றால் அதற்கும் பதில் உண்டு. ஆறாயிரம் பேர் நம்மிடம் இருக்கிறார்கள் என்று போர்டில் போட வேண்டாமா?

அந்த ஆறாயிரத்தில் ஒருவன் சிவராஜ். இரண்டு வருஷமாக அக்காவே க்வெரியை ஓட்டுகிறாள். ஒரு தடவைகூடத் தம்பி பெயர் வந்ததில்லை.

*

திங்கட்கிழமை காலையில் கமலக்கண்ணன் உற்சாகமாக வந்தார். பேட்டரிக்கு மூடி செய்கிற புது கம்பெனி ஒன்று ஆள் கேட்டிருந்தது. புதன்கிழமை அவர்களுடைய ஹெச்.ஆர்., ஆள் எடுக்கிற அதிகாரி, நேரில் வருகிறார்.

"இந்தாம்மா மேகலை, அவர் பக்கத்துல உக்காந்திருக்க, நீ ஒவ்வொன்னா கேட்டுக் கேட்டு உள்ள போய் மாத்திக்கிட்டு இருந்தா பாக்க நல்லாவா இருக்கு? அவரே உக்காரணும். வயசு, படிப்பு, டிரேடு எல்லாம் கட்டம் கட்டமா இருக்கணும். அவரே தேர்ந்தெடுத்து அவரே பட்டனை அமுக்கணும். அப்பத்தான் ஒரு கெத்து."

"செஞ்சுடலாம் சார். மாவட்டத்துக்கும் ஒரு கட்டம் வெக்கவா?"

கமலக்கண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அது இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். கேக்குறவரும் கேக்க வேணாம், சொல்றவரும் சொல்ல வேணாம். அதுபாட்டுக்கு உள்ள கெடக்கட்டும்."

அதுபாட்டுக்கு உள்ளே கிடக்கட்டுமாம்! மணிமேகலை திரையைப் பார்த்தபடி அந்தச் சொல்லை மென்றுகொண்டிருந்தாள். ஒருத்தன் உன் முகத்தைப் பார்த்து "நீ வேண்டாம் போ" என்றால் அவனிடம் சண்டை போடலாம். சண்டைக்கு ஆளே இல்லாமல் பண்ணிவிட்டால் என்ன செய்வது? வினிதா எழுதிவிட்டுப் போய்விட்டாள். முதலாளி சொல்லிவிட்டு மறந்துவிட்டார். கம்பெனிக்காரர் வாயைத் திறப்பதே இல்லை. ஒருவர் கையிலும் அழுக்கு இல்லை, ஆனால் சிவராஜ் மட்டும் வெளியே நிற்கிறான்.

அன்றைக்கும் மறுநாளும் அவள் படிவத்தைக் கட்டினாள். வயதுக்கு இரண்டு கட்டம். ஆண், பெண், இருவரும் என்று தேர்ந்தெடுக்க ஒன்று. படிப்புக்கு ஒன்று, டிரேடுக்கு ஒன்று, ஹாஸ்டல் வேண்டுமா என்று ஒன்று. அம்புக்குறியை அமுக்கினால் பட்டியல் கீழே விழும், எடுத்துக்கொள்ளலாம். கீழே பெரிதாக ஒரு பட்டன், "தேடு" என்று.

பிறகு க்வெரியைத் திறந்து வினிதாவின் வரிக்கு வந்தாள். அழித்தாள். அந்த இடத்தில் சதுர அடைப்புக்குறி ஒன்றைத் திறந்து, உள்ளே ஒரு கேள்வியை எழுதி மூடினாள். அடைப்புக்குறிக்குள் இருப்பது தனக்குத் தெரியாத சங்கதி என்றால் ஆக்சஸ் மேலே போகாது. ஓட்டுகிறவரிடமே கேட்கும். நட்டநடுத் திரையில் சின்னதாக ஒரு பெட்டி வரும், எழுதி வைத்த கேள்வி அதில் இருக்கும். பதிலைக் கையால் அடித்தால்தான் தேடல் நகரும். அந்தப் பெட்டிக்குக் கூச்ச நாச்சம் கிடையாது, முதலாளி என்று தெரியாது, ஹெச்.ஆர். என்று தெரியாது.

கேள்வி இதுதான்: எந்த மாவட்டத்துக்காரர் வேண்டாம்?

ஓட்டிப் பார்த்தாள். கிருஷ்ணகிரி என்று அடித்தால் பழையபடி வெளியூர்க்காரர்கள் மட்டும் வந்தார்கள். பெட்டியைக் காலியாக விட்டு ஓட்டினாள், ஒருவருமே வரவில்லை. அட கஷ்டகாலமே என்று தலையில் அடித்துக்கொண்டு, வேறு இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்த்துச் சொதப்பி, கடைசியில் வழி பிடித்தாள். காலியாக விட்டால் யாரையும் தள்ள வேண்டாம் என்று கூடவே ஒரு நிபந்தனை சேர்த்தாள். திரும்ப ஓட்டினாள். வரிசை வரிசையாகப் பெயர்கள் விழுந்தன. தளி, ஜவளகிரி, பாகலூர், மத்தூர். நடுவில் ஓரிடத்தில் சிவராஜ், ஃபிட்டர், கெலவரப்பள்ளி.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

*

ஒளித்துச் செய்கிற புத்தி அவளுக்கு இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினாள். கட்டங்களைப் பார்த்து "பிரமாதம், பிரமாதம்" என்றவர், பட்டனை அமுக்கியதும் வந்து நின்ற பெட்டியைப் படித்துவிட்டு வெலவெலத்துப் போனார்.

"என்னத்தா இது?"

"கேள்வி சார்."

"கேள்வின்னு எனக்குத் தெரியாதா? எடு இதை."

"எடுக்க மாட்டேன் சார்." உட்கார்ந்தபடியேதான் சொன்னாள். "ஒண்ணு, அந்தக் கேள்வி வெளிய இருக்கட்டும். இல்லையா, யாரையும் தள்ளி வெக்கிற வேலையே வேணாம். வேணாம்னு சொல்றவங்க அவங்க வெரலால அடிச்சுச் சொல்லட்டும். உள்ள மறைச்சு எழுதித் தர்ற வேலை மட்டும் என்னால ஆகாதுங்க."

"உன்னை வேலைக்கு வச்சவனே நான்தாம்மா."

"ஆமாங்க சார். தெலுங்கும் பேசுவேன், கன்னடமும் பேசுவேன், வர்றவங்களுக்குப் புரிய வெப்பேன்னு வச்சீங்க. ஆபீஸுக்கு உள்ளூர் ஆள் வேணும். கம்பெனிக்குத்தான் வேணாம்."

கமலக்கண்ணன் அவளை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார். மவுஸை இங்கே தட்டி அங்கே தட்டி, படிவத்தையே மூடிவிட்டார். திரும்பத் திறக்கத் தெரியவில்லை. திருப்பூரில் இருக்கிற வினிதாவுக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. "அதெல்லாம் எனக்கு மறந்தே போச்சு சார், மேகலையக் கேளுங்க" என்று வைத்துவிட்டாள்.

விடிந்தால் ஹெச்.ஆர். வருகிறார், வேறு ஆளுக்கு எங்கே போவது? கொஞ்ச நேரம் உலாத்திவிட்டு அவரே ஒரு சமாதானத்துக்கு வந்தார். "சரி, அவர் காதோட சொல்லிடுறேன். கிருஷ்ணகிரின்னு அவரே அடிச்சுக்குவார். ஒனக்கும் எனக்கும் கணக்கு புதன்கிழமைக்கு அப்புறம்."

*

புதன்கிழமை என்றால் ஆபீஸில் நேர்முகம். மாடிப்படி வரைக்கும் கூட்டம் நிற்கும். முன்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் பெரிய டி.வி. அந்த டி.வி. கமலக்கண்ணனின் செல்லப் பிள்ளை. ஏதோ ஒரு பேங்கில் டோக்கன் நம்பர் டி.வி.யில் வருவதைப் பார்த்துவிட்டு வந்து மாட்டியது. கம்ப்யூட்டரில் தெரிவது அத்தனையும் அதில் தெரியும். தேர்வானவர்களின் பெயர் அதில் ஓடும்போது பையன்கள் செல்போனில் படம் எடுப்பார்கள். முதலாளிக்கு உச்சி குளிரும்.

அன்றைக்கும் நல்ல கூட்டம். தென்மாவட்டப் பையன்கள் ஒரு பக்கம் சுவரோரம். உள்ளூர்க்காரர்கள் இன்னொரு பக்கம். முன்வரிசையில் ஜவளகிரிப் பக்கத்து நாராயணம்மா, பேக்கிங் வேலை கேட்டு மூன்றாவது தடவையாக வந்திருக்கிறவள். வாய் ஓயாத பொம்பளை, பக்கத்தில் இருப்பவர் தெலுங்கா கன்னடமா தமிழா என்று பார்த்துப் பாஷையை மாற்றிக்கொள்வாள். பின்னால் கதவோரம் சிவராஜ். "காலையில ஆபீஸுக்கு வா. மத்தியானம் நீ எந்த ஊர்க்காரன் வேணாலும் ஆகிக்கோ" என்று அக்கா சொன்னதால் வந்திருந்தான். ஆதார் மையத்து டோக்கன் அவன் சட்டைப் பையில் இருந்தது.

"டி.வி. போடவா சார்?" என்று மணிமேகலை கேட்டாள்.

"போடு, போடு. சார் பாக்கட்டும் நம்ம செட்டப்பை" என்றார் கமலக்கண்ணன். அந்தப் பெட்டியும் டி.வி.யில் தெரியும் என்பது அப்போது அவருக்கு நினைவே இல்லை. நினைவுபடுத்த வேண்டியது தன் வேலை இல்லை என்று மணிமேகலை ரிமோட்டை அமுக்கினாள்.

ஹெச்.ஆர். ஹரீஷ்குமார் பெங்களூரிலிருந்து வந்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. படிவத்தைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துப் போயிற்று. தலைப்புகளை மணிமேகலை பக்கத்து நாற்காலியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் பதினெட்டிலிருந்து முப்பது என்றார், இருவரும் என்றார், படிப்பில் எதுவானாலும் என்றார். அம்புக்குறியை அமுக்கி அமுக்கிச் சின்னப் பையன் போல எடுத்தார். பேக்கிங்குக்கு வயசு பார்க்க வேண்டாம் என்று மேல் வயதுக் கட்டத்தை நாற்பத்தைந்து ஆக்கினார். "சூப்பர், நாமே செலக்ட் பண்றது நல்லா இருக்கு" என்று சொல்லி "தேடு" பட்டனை அமுக்கினார்.

பெட்டி வந்தது. டி.வி.யிலும் வந்தது, சுவர் நிறைய.

"ஏனு இது? என்ன கேக்குது?" என்றார் ஹரீஷ்குமார்.

கமலக்கண்ணன் அவர் காதுக்குக் குனிவதற்குள் நாராயணம்மா முந்திக்கொண்டாள். "எந்த மாவட்டத்துக்காரர் வேணாம்னு கேக்குது சார்!" என்று டி.வி.யைப் பார்த்துக் கணீரென்று படித்தாள். பின்னால் இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று கன்னடத்தில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை.

கமலக்கண்ணன் காதில் சொல்ல வேண்டியதைச் சொன்னார். ஹரீஷ்குமார் பெட்டியைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கூடத்தைப் பார்த்தார். அத்தனை கண்களும் அவர் விரலில் இருந்தன. கீபோர்டை மெதுவாகக் கமலக்கண்ணன் பக்கம் தள்ளினார். "நீவே டைப் மாடி, நீங்களே அடிங்க."

கமலக்கண்ணன் முதல் எழுத்தை அடித்தார். அது டி.வி.யில் தலையளவுக்கு வந்து நின்றது.

"அடிங்க சார், முழுசா அடிங்க. ஊருக்குள்ள போய்ச் சொல்லணுமில்ல" என்றாள் நாராயணம்மா.

அவர் அந்த எழுத்தை அழித்தார். முகம் வேர்த்துவிட்டது. கூடத்தில் யாரோ ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கீபோர்டைத் தூக்கி மணிமேகலையின் மடியில் வைக்காத குறையாக நீட்டினார். "நீ அடி. உன் வேலைதானே இது!"

"நான் அடிக்க மாட்டேன் சார். எனக்கு வேண்டாத மாவட்டம் எதுவும் இல்ல" என்றாள் மணிமேகலை.

கூடம் முழுக்கக் கேட்டது.

சுவரோரமிருந்து தென்மாவட்டத்துப் பையன் ஒருவன், கருப்பசாமி என்று பெயர், "வேணும்னா எங்க மாவட்டத்தைப் போட்டுப் பாருங்க சார். எங்களுக்கும் எப்படி இருக்குன்னு தெரியட்டும்" என்றான். இது உள்ளூர்க்காரர்களே எதிர்பார்க்காதது. கதவோரம் நின்ற சிவராஜ் அவனைத் திரும்பிப் பார்த்தான்.

கீபோர்டு மேஜைமேல் கிடந்தது. இத்தனை வருஷம் ஒரு விரலும் படாமல் தானே நடந்த காரியம், இப்போது மூன்று பேர் இருந்தும் ஒரு விரல் கிடைக்கவில்லை. "காலியா விட்டா என்ன ஆகும்?" என்று ஹரீஷ்குமார் கேட்டார்.

"எல்லாரும் வருவாங்க சார்."

அவர் கையை நீட்டி என்டர் தட்டினார்.

அப்பா, என்ன சத்தம்! பெயர்கள் ஓட ஓடக் கூடமே எழுந்துவிட்டது. எந்த ஊர் வந்தாலும் அந்த ஊர்க்காரன் கத்தினான். நாராயணம்மா தன் பெயரைப் பார்த்துவிட்டு "அதோ நேனே, நேனே, நான்தான்!" என்று டி.வி.யைத் தொடப் போய்விட்டாள். சிவராஜ் கத்தவில்லை. கெலவரப்பள்ளி என்ற எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஹரீஷ்குமார் எழுந்து, "எல்லாருக்கும் டெஸ்ட் இருக்கு. அதுல பார்ப்போம்" என்று தேதியைச் சொன்னார். குறித்துக்கொள்ளக் காகிதம் தேடிய சிவராஜ், பையிலிருந்த ஆதார் டோக்கனை எடுத்து அதன் முதுகில் எழுதினான்.

ஹெச்.ஆர். கார் கிளம்பியதும் கமலக்கண்ணன் வந்து மேஜை முன்னால் நின்றார். "நாளையிலேர்ந்து வராத."

"சரிங்க சார்."

"அந்தப் பெட்டியையும் நான் எடுத்துருவேன்."

"எடுத்துக்குங்க சார். இன்னிக்குப் பாத்தவங்க கண்ணுல இருந்து எப்படி எடுப்பீங்க?"

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, படியிறங்கும்போது சம்பளக் கணக்குதான் மனதில் ஓடியது. முட்டைக்கோசுக்கு விலை இல்லாத வருஷம். வீட்டில் நிலையாகக் கிடைக்கிற சம்பளம் அவளுடையது ஒன்றுதான். பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் கீழே டயர் கடை முன்னால் வந்து நின்றபோது, பயத்துக்கு மேலே ஒரு சந்தோஷம் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது.

*

டெஸ்ட் முடிந்து சிவராஜ் வீட்டுக்கு வந்தபோது பெருமாள் வாய்க்காலில் கை கழுவிக்கொண்டிருந்தார். மணிமேகலை வாசலிலேயே மறித்தாள். "என்னடா ஆச்சு?"

"வெர்னியர்ல கோட்டை விட்டுட்டேன்க்கா. ரெண்டு வருஷமா கையில தொடல இல்ல? அளவு தப்பா சொல்லிட்டேன். எடுக்கல." உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தான். திரும்பி வந்தான். "அந்த நாராயணம்மாவை எடுத்துட்டாங்க. தளிப் பையனுங்களையும் எடுத்திருக்காங்க. அந்தக் கருப்பசாமியையும்."

அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. இதற்கா இத்தனை பாடு என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது.

"ஏன்க்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? கேட்ல எந்த ஊருன்னு கேட்டான். கெலவரப்பள்ளின்னேன். உள்ள போன்னான். தோத்துட்டேன்தான், இல்லேங்கல. ஆனா பெருமாள் பையனாத்தான் தோத்தேன். அடுத்த தடவ வெர்னியரைப் படிச்சுட்டுப் போறேன்."

பெருமாள் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். "அப்ப மானாமதுரையில எனக்குத் தம்பி இல்லைன்னு ஆயிடுச்சு" என்றார். அன்றைக்கு அந்த வீட்டில் சிரித்த மாதிரி ரொம்ப நாளாக யாரும் சிரித்ததில்லை.

*

அடுத்த புதன்கிழமை மணிமேகலை அந்த மாடிக்குத் திரும்பவும் போனாள். கையில் சான்றிதழ்கள், பக்கத்தில் தம்பி. நேராக முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

கம்ப்யூட்டர் முன்னால் கமலக்கண்ணனே இருந்தார். பென்டிரைவில் இருந்த பழைய ஃபைலை எடுத்துப் போட்டிருந்தார். படிவம் இல்லை, பெட்டி இல்லை. டி.வி. இருண்டு கிடந்தது. பக்கத்தில் வேறொரு கம்பெனியின் ஹெச்.ஆர்., பிரகாஷ் என்பவர், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எதுக்கு வந்த?" என்றார் கமலக்கண்ணன்.

"வேலை கேட்டுத்தான் சார். பேரு மணிமேகலை. ஊரு கெலவரப்பள்ளி. மாவட்டம் உங்களுக்கே தெரியும்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார். பழைய க்வெரியை ஓட்டினார். பிரகாஷ் எட்டிப் பார்த்து, "வயசை முப்பத்தஞ்சா மாத்துங்க" என்றார். கமலக்கண்ணனுக்கு எங்கே மாற்றுவது என்று தெரியவில்லை. மவுஸைத் தட்டினார், ஏதோ மூடியது, திறந்தது, திரும்ப மூடியது.

அப்போதுதான் பின்வரிசையில் ஒருவன் கேட்டான். "டி.வி. போடலீங்களா சார்?"

"ரிப்பேருப்பா."

"அந்தக் கேள்வி வருமே, அது எங்க சார்?" என்றான் சிவராஜ். அதன்பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார்கள். போன வாரம் வராதவர்கள்கூடக் கேட்டார்கள், தளியிலும் பாகலூரிலும் அந்தக் கேள்வி தெரியாதவர்கள் யாரும் இப்போது இல்லை. யாரும் சத்தம் போடவில்லை. பயோடேட்டாவை நீட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். சுவரோரத்துத் தென்மாவட்டப் பையன்களும் நீட்டவில்லை.

"என்ன கேள்வி?" என்றார் பிரகாஷ்.

பதிலை மணிமேகலை சொன்னாள், உட்கார்ந்தபடியே. கேட்டுவிட்டு பிரகாஷ் முதலாளியைப் பார்த்தார். "அதைப் போட்டுடுங்க சார். எனக்கு ஆள் வேணும், நேரம் இல்ல."

"அது... பழைய ஃபைலு. அதுல இல்ல."

"போடத் தெரிஞ்ச ஆள் யாரும் இல்லையா?"

கமலக்கண்ணன் எழுந்து, நாற்காலியைப் பின்னால் இழுத்து விட்டுவிட்டு, தள்ளிப் போய் நின்றார். "வாம்மா" என்றார், யாரையும் பார்க்காமல்.

"வேலைக்கா சார், இன்னிக்கு மட்டுமா?"

"வேலைக்குத்தான். வந்து தொலை."

மணிமேகலை அப்போதுதான் எழுந்தாள். போகிற போக்கில் டி.வி.யைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வினிதாவின் வரியை அழித்தாள். சதுர அடைப்புக்குறியைத் திறந்து கேள்வியை எழுதினாள், மூடினாள், காலியாக விட்டால் யாரையும் தள்ளாத நிபந்தனையையும் சேர்த்தாள், வயதை முப்பத்தைந்து ஆக்கி ஓட்டினாள். சுவரில் பெட்டி பெரிதாக வந்து நின்றது.

கீபோர்டை அவள் பிரகாஷிடம் கொடுக்கவில்லை. கமலக்கண்ணன் நின்ற பக்கமாகத் திருப்பி வைத்தாள். கூடம் முழுக்க அவரைப் பார்த்தது. அவர் ஒற்றை விரலை நீட்டி, ஒரு எழுத்தும் அடிக்காமல், என்டர் தட்டினார்.